பிள்ளைக்குப் பூட்டு, போட்டியாளருக்கும் பூட்டா?

(தருவைகுளத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைப் பேச இந்த ஊருக்கு எதற்கு வந்தாய் என்று சிலர் நினைக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ பேச வேண்டியதுதானே? இல்லை. இங்கேதான் பேச வேண்டும். உங்கள் வீட்டு ஆண்கள் தங்குகடலுக்குப் போகிறவர்கள். மாலத்தீவுப் பக்கம் வரை படகு போகிறது. போனால் வாரக்கணக்கில் கரை இல்லை. 2023 அக்டோபரில் தருவைகுளம் மீனவர்கள் 12 பேரை மாலத்தீவில் பிடித்து வைத்திருந்தபோது, இந்தத் தெருக்களில் எத்தனை பேர் கைப்பேசியைக் கீழே வைக்காமல் இருந்தீர்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. அதே கைப்பேசியில்தான் பிள்ளையின் வீட்டுப்பாடமும் வருகிறது. தகப்பன் கடலில், கைப்பேசிக்குக் காவல் முழுக்கத் தாயின் தலையில். "பெற்றோர் கட்டுப்பாடு" என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை முதலில் அழுத்தப்போகிறவர்கள் நீங்கள்தான்.

கூட்டத்துக்கு முன்பே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "பையனின் கணினியில் பேரன்டல் கன்ட்ரோலை இயக்கினேன். அதற்குப் பிறகு அவன் பயன்படுத்திவந்த தேடுபொறி திறக்கவே மாட்டேன் என்கிறது. அதில் ஆபாசம் இருக்கிறது என்று தடுக்கிறதா, இல்லை, அது இன்னொரு கம்பெனியின் சரக்கு என்று தடுக்கிறதா?"

கேட்டவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் அமெரிக்க நீதிமன்றமும் ரஷ்யப் போட்டி ஆணையமும் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை நாலு வரியில் எழுதிவிட்டார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரம் தடுப்பதற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அப்படி இருந்தும் அந்த ஏற்பாடு நியாயமானது அல்ல. எப்படி இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் ஊர் நீதிமன்றத்திலிருந்தே தொடங்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2018-இல் ஒரு பொதுநல வழக்கு தாக்கலானது. இணையச் சேவை தரும் நிறுவனங்கள் எல்லாம் பெற்றோருக்கென்று ஒரு கட்டுப்பாட்டு வசதியை, "பேரன்டல் விண்டோ" என்பதை, கட்டாயம் தர வேண்டும் என்பது கோரிக்கை. நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு அதை முடித்துவைத்த செய்தி 2025 டிசம்பரில் வந்தது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று கொண்டுவந்த சட்டம் அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதைப் போல இங்கும் ஒன்று கொண்டுவர முடியுமா என்று மத்திய அரசு ஆராயலாம் என்றது நீதிமன்றம். பயன்படுத்துபவரின் கருவியிலேயே கட்டுப்பாட்டுச் செயலி இருந்தால்தான் பயன் என்றும் சொன்னது.

நல்ல அக்கறை. ஆனால் அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அந்தக் கட்டுப்பாட்டை யார் செய்து விற்கிறார், அவர் வேறு என்னென்ன விற்கிறார் என்று கேட்க ஆளில்லை.

கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் இருக்கிற "ஃபேமிலி சேஃப்டி" மைக்ரோசாஃப்ட்டுடையது. பிங் தேடுபொறியும் எட்ஜ் உலாவியும் அவர்களுடையவை. ஆண்ட்ராய்டில் "ஃபேமிலி லிங்க்" கூகுளுடையது. தேடுபொறி, குரோம், யூடியூப் எல்லாமே அவர்களுடையவை. ஐபோனில் "ஸ்கிரீன் டைம்" ஆப்பிளுடையது, சஃபாரி அவர்களுடையது. பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று தீர்மானிக்கிற மூன்று பேருமே அதே பிள்ளையின் கண்ணுக்காகப் போட்டி போடுகிறவர்கள்.

இப்போது வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. குற்றம் சாட்டுவதற்கு முன் அவர்கள் பக்கத்து நியாயத்தை முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

ஆபாசத் தளம் ஒன்றைத் தடுப்பது எளிது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பெயரைப் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. தேடுபொறியில் அது நடக்காது. பிள்ளை ஒரு கெட்ட சொல்லைப் போட்டுப் படங்களைத் தேடுகிறான் என்று வையுங்கள். திரையில் வரிசையாக வரும் சிறு படங்கள் அந்த ஆபாசத் தளத்திலிருந்து வருவதில்லை. தேடுபொறி அவற்றைச் சுருக்கித் தன் சர்வரில் வைத்து, தன் முகவரியிலிருந்தே அனுப்புகிறது. ஆபாசத் தளத்தைத் தடுத்தாலும் படம் வந்துவிடும். முன்பெல்லாம் வடிகட்டி நடுவில் உட்கார்ந்து, என்ன சொல்லைத் தேடுகிறான் என்று எட்டிப் பார்க்கும். இப்போது தேடல் எல்லாம் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் போகிறது. எந்தத் தேடுபொறிக்குப் போகிறான் என்பது மட்டும் வெளியே தெரியும். அங்கே என்ன தேடினான் என்பது தெரியாது.

ஆகவே நடுவில் உட்காரும் வடிகட்டியைச் செய்பவருக்கு இரண்டே வழி. ஒன்று, தேடுபொறியின் "பாதுகாப்பான தேடல்" முறையைப் பிள்ளை மாற்ற முடியாதபடி பூட்டுவது. இல்லாவிட்டால் தேடுபொறியையே மூடுவது.

பூட்டுவது எப்படி என்றால், இணையத்தில் பெயரைச் சொன்னால் முகவரி தருகிற டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. கூகுள் என்று கேட்டதும் வழக்கமான முகவரிக்குப் பதிலாக, பாதுகாப்பான தேடல் மட்டுமே கிடைக்கும் வேறொரு முகவரியை அது கொடுத்துவிடும். இதற்கென்று கூகுள் ஒரு தனி முகவரி வைத்திருக்கிறது. பிங்கும் வைத்திருக்கிறது. டக்டக்கோவும் வைத்திருக்கிறது. அப்படித் தனி முகவரி வைக்காத சிறு தேடுபொறிகளைப் பூட்ட வழியில்லை. எனவே பல வடிகட்டிகள் அவற்றை மொத்தமாக மூடிவிடுகின்றன. இதில் சூது எதுவும் இல்லை. பூட்ட முடியாத கதவைச் சுவராக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கவனியுங்கள். டக்டக்கோவுக்குப் பூட்டு இருக்கிறது. பூட்டு இருக்கிற தேடுபொறியையும் ஒரு வடிகட்டி மூடினால், "பூட்ட முடியவில்லை" என்ற சமாதானம் செல்லாது. என் சோதனை இதுதான்: அதே நிபந்தனையைப் போட்டியாளரும் நிறைவேற்றினால் அவருக்குக் கதவு திறக்குமா? திறக்கும் என்றால் அது பாதுகாப்பு. என்ன செய்தாலும் திறக்காது என்றால் அது வியாபாரம்.

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு 2025 ஜூனில் நடந்த ஒரு கூத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்டியில் "தகாத தளங்களை வடிகட்டு" என்பதை இயக்கினால் அந்த வடிகட்டி எட்ஜ் உலாவிக்குள் மட்டுமே வேலை செய்யும். தேடலில் பிங்கின் பாதுகாப்பு முறை இயங்கும். மற்ற பிரபலமான உலாவிகளை அது தடுத்துவிடும். பெற்றோர் அனுமதித்தால் திறக்கலாம். இதைக் கம்பெனி ஒளிக்கவில்லை. உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு பிழை நுழைந்தது. பிள்ளைகள் குரோமைச் சொடுக்கினால் திறக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். பெற்றோரிடம் அனுமதி கேட்கும் அறிவிப்பும் வரவில்லை. பள்ளிக் கணினிகளிலும் புகார் வந்தது. கூகுளின் ஆட்கள் விசாரித்து, குற்றம் குரோமில் இல்லை, ஃபேமிலி சேஃப்டியில் என்று அறிவித்தார்கள். இதில் சிரிக்க ஒரு இடம் உண்டு. குரோம் நிரலின் கோப்புப் பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்து "குரோம்1" என்று மாற்றினால் போதும், திறந்துகொண்டது! பிள்ளையைக் காக்கும் கோட்டைச் சுவர் ஒரு பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

அது பிழைதான், நம்புகிறேன். பிழை யாருக்கும் வரும். என் கேள்வி பிழையைப் பற்றியது இல்லை. பிழையே இல்லாமல் ஒழுங்காக ஓடுகிற நாளிலும் அந்த வடிகட்டி போட்டியாளரின் உலாவியை மூடத்தான் செய்கிறது. உலாவி போனால் அதோடு அதன் தேடுபொறியும் போகும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை என்ன செய்தால் அந்த வடிகட்டிக்குள் இடம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு நிபந்தனைப் பட்டியல் இருந்தால், நான் இந்தப் பேச்சைப் பாதியாகச் சுருக்கியிருப்பேன்.

ஆப்பிள் கதை இதற்கு மறுபக்கம். அங்கே கட்டுப்பாட்டு மென்பொருளே போட்டியாளர் ஆகிவிட்டது. 2018 செப்டம்பரில் ஆப்பிள் தன் சொந்த ஸ்கிரீன் டைமைக் கொண்டுவந்தது. அதை ஒட்டியே பிற கம்பெனிகளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகள் ஒவ்வொன்றாகச் சிக்கலில் மாட்டின. சில நீக்கப்பட்டன, சிலவற்றிடம் முக்கியமான வசதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். காஸ்பர்ஸ்கி என்ற ரஷ்யப் பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி 2019 மார்ச்சில் ரஷ்யப் போட்டி ஆணையத்திடம் போனது. ஐரோப்பிய ஆணையத்திடமும் வேறு இரண்டு கம்பெனிகள் புகார் கொடுத்தன. ஆப்பிளின் பதில்: அந்தச் செயலிகள், அலுவலகக் கைப்பேசிகளை மேலாண்மை செய்ய உருவான ஒரு முறையைக் குழந்தைகளின் கருவியில் புகுத்துகின்றன, அதனால் கருவியின் மொத்தக் கட்டுப்பாடும் வெளியார் கைக்குப் போகிறது.

அது பொய் இல்லை. அந்த முறை உண்மையிலேயே ஆபத்தானது. ஆனால் பல வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு, சொந்தச் சரக்கு கடைக்கு வந்த பிறகு ஆபத்து தெரிந்தது. அடுத்த ஜூனிலேயே சில கட்டுப்பாடுகளோடு அதே முறையை அனுமதிக்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். ரஷ்ய ஆணையம் 2020 ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று முடிவு சொல்லி, 2021 ஏப்ரலில் ஏறக்குறைய 1.2 கோடி டாலர் அபராதம் போட்டது. ரஷ்யக் கம்பெனிக்கு ரஷ்ய ஆணையம் சாதகமாகச் சொல்வதில் என்ன ஆச்சரியம் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான சந்தேகம்தான்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ஒரு வினோதமான சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆட்சேபத்துக்குரியது என்று கருதுவதைத் தடுக்கும் மென்பொருள்காரர்மீது வழக்குப் போட முடியாது. ஸாங்கோ என்ற விளம்பர மென்பொருள் கம்பெனி காஸ்பர்ஸ்கிமீது போட்ட வழக்கு 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதனால்தான் தோற்றது. ஆனால் அந்த அமர்விலிருந்த ரேமண்ட் ஃபிஷர் என்ற நீதிபதி தீர்ப்போடு உடன்பட்டுக்கொண்டே தனியாக ஓர் எச்சரிக்கை எழுதினார்: இந்தப் பாதுகாப்பை இப்படியே விட்டால், நாளை ஒருவர் தன் போட்டியாளரைத் தடுத்துவிட்டு இதன் பின்னால் ஒளிந்துகொள்வார். பின்னர் அதுவே நடந்ததாக ஒரு வழக்கு வந்தது. மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள், எனிக்மா என்ற கம்பெனியின் போட்டி மென்பொருளை "தேவையற்ற நிரல்" என்று முத்திரை குத்தியது. 2019 செப்டம்பரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: போட்டியாளரை முடக்கும் நோக்கத்தோடு தடுத்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தடுத்தவர் உண்மையில் தவறு செய்தாரா என்பது வேறு; விசாரணையிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

நோக்கம் என்பதை வைத்து வழக்கு நடத்துவது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. மனதுக்குள் இருப்பதை யார் தோண்டி எடுப்பது?

இந்தியாவுக்கு வாருங்கள். நம் சென்னையின் மேட்ரிமோனி.காம், ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, இரண்டும் கொடுத்த புகார்களின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வரன் பார்த்துக் கொடுக்கும் கம்பெனி, தேடுபொறியில் சாய்வு இருக்கிறது என்று ஆணையத்தின் படியேறியது. ஆணையம் கண்டுபிடித்த தவறுகளில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தங்கள் தளத்தில் கூகுளின் தேடல் வசதியை வைத்துக்கொள்ளும் பிற தளங்களோடு போட்ட ஒப்பந்தத்தில், போட்டித் தேடல் சேவையைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. தொழில்நுட்பத் தேவை ஏதுமின்றி, வெறும் காகிதத்தில் போட்ட பூட்டு.

2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக அதே ஆணையம் 1,337.76 கோடி அபராதம் போட்டது. அதன்பின், 2023 ஜனவரியில், புதிய கைப்பேசியை முதன்முதலாக இயக்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று இந்தியப் பயனர்களைக் கேட்போம் என்று கூகுள் அறிவித்தது. பெரியவர்களுக்கு அந்தத் தேர்வு கிடைத்தது. இப்போது யோசியுங்கள். முன்வாசலில் "எது வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் கணக்கில் வடிகட்டி வழியாக அதையே பிடுங்கிக்கொண்டால் அந்த உத்தரவுக்கு என்ன பொருள்? இந்த ஓட்டையை அடைக்க நம் நாட்டில் யாரும் இன்னும் சட்டம் எழுதவில்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும், அவனைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்லது. ஆனால் வடிகட்டிக்காரரின் சொந்த லாபத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

காரணம் சொல்லாமல் மூடுவது எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு காட்சி உண்டு. 2020 ஜூன் 29 அன்று சீனச் செயலிகள் 59-க்குத் தடை வந்தது. அடுத்த சில நாட்களில் இந்தியாவின் பல இணைப்புகளில் டக்டக்கோ திறக்கவில்லை. அது சீனக் கம்பெனி அல்ல, அமெரிக்கக் கம்பெனி. தடைப் பட்டியலிலும் அது இல்லை. டிஎன்எஸ்ஸை மாற்றினவர்களுக்குத் திறந்தது. மற்றவர்கள் வெறும் பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாளில் தானாகத் திரும்பி வந்தது. யார் மூடினார், எதற்கு மூடினார் என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அது பெற்றோர் கட்டுப்பாடு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தேடுபொறியை ஓசைப்படாமல் மறைத்துவிட முடியும், கேட்பாரில்லை என்பதை அது காட்டியது.

இந்தக் கடலில் முன்பு நடந்த ஒன்றை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். முத்துக்குளித்தல் இங்கே கடைசியாக நடந்தது 1961-இல். பிரிட்டிஷ் காலத்தில் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், சிப்பி விளைந்திருக்கிறது, எப்போது குளிக்கலாம் என்று முடிவு செய்தது அரசாங்கம். பாரைச் சோதித்ததும் அரசாங்கம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொண்டதும் அதே அரசாங்கம். குளியாளுக்கு மூன்றில் ஒன்று. சோதிக்கிற கையும் பங்கு வாங்குகிற கையும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு கட்டாயம் இருந்தது. மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அதில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, அந்த மதிப்பைத் தேதியோடு அச்சிட்டு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் வெளியூர் வியாபாரி வரமாட்டான். பங்கு வாங்குகிற துரைமார்கூடத் தங்கள் சோதனையை ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு நம் பிள்ளையின் கணினியில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டி தன் சோதனையை யாருக்கும் காட்டுவதில்லை.

நான் கேட்பது இந்த அளவுக்குத்தான். தடுப்பதற்கு முன் நிபந்தனையை எழுதி வெளியிடட்டும். அது தன் தேடுபொறிக்கும் அடுத்தவன் தேடுபொறிக்கும் ஒன்றாக இருக்கட்டும். தடுத்தால் திரையில் காரணம் வரட்டும், "உங்கள் கணக்கில் இது அனுமதிக்கப்படவில்லை" என்ற வழுக்கல் வாசகம் போதாது. முறையிட ஓர் இடம் இருக்கட்டும். நோக்கத்தைத் தோண்ட வேண்டிய வேலையே அப்போது பாதி குறைந்துவிடும். முறையீடு எதற்கு என்று கேட்டால், வடிகட்டிகள் செய்யும் தவறு கொஞ்சநஞ்சமில்லை. 2014 ஜனவரியில் பிரிட்டனின் ஸ்கை நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி, ஆயிரக்கணக்கான தளங்கள் இயங்குவதற்கு வேண்டிய ஜேகுவெரி என்ற நிரல் தொகுப்பின் தளத்தையே தடுத்துவிட்டது. கருவிக்குள்ளேயே இருந்து தேடும் சொல்லைப் பார்க்கிற ஐபோன் வடிகட்டியில் "ஏசியன்" என்ற சொல்லைத் தேடினாலே தடை விழுந்தது. புகார் போன பின்னும் வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்து 2021-இல்தான் சரியானது. ஆசியாவில் பிறந்த பிள்ளை தன் கண்டத்தின் பேரைத் தேடக் கூடாதாம்! அதே நேரம், ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு தமிழில் எழுதின அசிங்கத்தை இவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

இனி, வீட்டில் என்ன செய்வது? கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் தேடுபொறி விற்காதவரின் வடிகட்டியும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க் பகுதியில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று ஓர் இடம் உண்டு. அங்கே கிளவுட்ஃப்ளேர் போன்றவர்களின் குடும்ப டிஎன்எஸ் பெயரைப் போட்டால் பெரும்பாலான ஆபாசத் தளங்கள் எந்த உலாவியிலும் திறக்காது. பாதுகாப்பான தேடல் இயங்குகிறதா என்று தேடுபொறியின் அமைப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பையன் கெட்டிக்காரன் என்றால் இதையும் மாற்றிவிடுவான், அது வேறு கதை. குரோம்1 என்று பெயர் மாற்றியவர்களின் வயதென்ன என்று நினைக்கிறீர்கள்?

கேள்வி எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பையனின் தேடுபொறி மறுபடி மூடினால், திரையைப் படமெடுத்து வையுங்கள். தேதி, மென்பொருளின் பதிப்பு எண், எந்தப் பொத்தான் இயங்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அமைப்பில் அந்தக் கம்பெனியின் சொந்தத் தேடுபொறி திறக்கிறதா என்றும் ஒரு படம். முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுதுங்கள். பதில் வராவிட்டால் போட்டி ஆணையம் இருக்கிறது. அங்கே பெரிய கம்பெனிகள் மட்டும்தான் போகலாம் என்று எண்ண வேண்டாம். 2020 டிசம்பரில் உபர், ஓலா கட்டணம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்தான் என்றில்லை, எந்த நபரும் ஆணையத்திடம் தகவல் கொடுக்கலாம். கட்டணம் உண்டு. அதை நாலு வீடு பங்கு போட்டுக் கட்டலாம்; பெற்றோர் சங்கமாகவும் போகலாம். மனு எழுத ஆள் வேண்டுமென்றால், கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.